டிக்கியில் பெரியப்பா

எனக்குக் கார் பைத்தியம். மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. என்னிடம் இருப்பது நீளமான பழைய கார்; பெரிய இன்ஜின், பின் சக்கரத்தால் ஓடுவது. சமதரையில் பறக்கும், மேடு வந்தால் மூச்சு வாங்கும். தங்கச்சி மகளுக்கு வத்தல்மலை மேலே, தங்கச்சியின் மாமனார் வீட்டுக் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து என்றார்கள். தாய்மாமன் நான். என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மாமன் மடி இல்லாமல் குத்தினால் என் தங்கச்சி அந்த வீட்டில் காலத்துக்கும் பேச்சு கேட்பாள். சரி, மலையேறத் தோதாகப் பின்பக்கப் பல்சக்கரத்தை மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்தேன்.

தர்மபுரியில் என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் பாய், "இழுவை வேணுமா, ஓட்டம் வேணுமாங்க? ரெண்டும் ஒரே பல்லுல கெடைக்காது" என்றார். இழுவை என்றேன். எங்கேயோ தேடிப் பிடித்து வேறு பல் கணக்கில் ஒரு கிரவுன் பினியன் செட்டை, அதாவது பின் அச்சுப் பல்சக்கர ஜோடியைப் போட்டுக் கொடுத்தார். "டயரையும் மாத்திடுங்க. இவ்ளோ இழுவைக்கு ரோட்டப் புடிக்க டயர் வேணும்ல?" என்றும் சொன்னார். என் டயர்கள் அகலமானவை. வரி கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் பார்க்க லட்சணமாக இருக்கும். அவர் பேச்சை நான் கேட்கவில்லை.

காதுகுத்து அன்று காலையில் சீர்த் தட்டுகளை டிக்கியில் அடுக்கிக்கொண்டு நானும் என் மனைவியும் கிளம்பினோம். பல் மாறியதால் ஸ்பீடு மீட்டருக்குக் கிறுக்குப் பிடித்திருந்தது. முள் எண்பதில் நின்றது. ஒரு மொபெட் எங்களை நிதானமாக முந்திப் போனது. அதில் பின்னால் இருந்த அம்மா எங்களைப் பார்த்துக் கையசைத்தார். என் மனைவி ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் எனக்குப் பயம்.

மலையடிவாரத்தில் மச்சானின், அதாவது தங்கச்சி வீட்டுக்காரரின், பெரியப்பா வழியை மறித்தார். வேன் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டதாம். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். ஆளும் ரெண்டு ஆள் கனம். சம்பந்தி வீட்டுப் பெரியவரைப் பின்னால் உட்கார வைக்க முடியுமா? என் மனைவி இறங்கிப் பின்சீட்டுக்குப் போனாள். அவர் முன்சீட்டை நிறைத்து உட்கார்ந்தார். காரின் மூக்கு தாழ்ந்தது, பின்புறம் தூக்கிக்கொண்டது.

வளைவுகளில் கார் அருமையாக ஏறியது. பாய் வாழ்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். கோயிலுக்குத் திரும்பும் மண்பாதையில்தான் வந்தது வினை. முந்தின நாள் மழை. மிதித்தேன். ஒரு பின்சக்கரம் வெறி பிடித்துச் சுற்றியது, இன்னொன்று வேடிக்கை பார்த்தது. மீட்டர் அறுபது காட்டியது. நின்ற இடத்திலேயே அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம்.

இறங்கிப் போய் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினேன். சக்கரத்துக்கு அடியில் தழையை ஒடித்துப் போட்டேன். திரும்ப ஏறி மிதித்தேன். தழைதான் பின்னால் பறந்தது. பெரியப்பா இதற்குள் போனை எடுத்து, என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "பத்தரையோட நல்ல நேரம் முடியுதுப்பா. மாமங்காரன் வரக் காணோம்னா பூசாரி மடியில வெச்சிக் குத்திடுங்க" என்று உத்தரவு போட்டார்.

"மாமா, நான் இங்கதானே இருக்கறேன்!"

"இங்க இருந்து என்னங்க? அங்க இல்லீங்களே."

மணி பத்து இருபது. கோயில் இன்னும் ஒரு கிலோமீட்டர். இறங்கி ஓடிவிடலாமா என்று பார்த்தேன். என் தொப்பை ஒத்துக்கொள்ளாது. பின்சக்கரம் மண்ணைப் பிடிக்க வேண்டியது கனம், கனம் காரில்தான் இருந்தது, முன்சீட்டில். நாலு அடி தள்ளிப் பின்னால் வைத்தால் போதும். ஆனால் அவரிடம் போய், "மாமா, டிக்கியில ஏறுங்க" என்று எந்த வாயால் சொல்வது? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் என் மனைவி வாயைத் திறந்தாள். "பெரியப்பா, ஆட்டத்துல சீர்த் தட்டெல்லாம் சரியுதுங்க. மாமன் சீர் கொட்டிப் போச்சின்னா ரெண்டு வூட்டுக்கும் கொறைங்க. பொறுப்பான பெரியவங்க யாராச்சும் கூட உக்காந்து புடிச்சிக்கிட்டாத்தான் ஆகும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அதுவும் சரிதான்" என்று இறங்கிப் போய், திறந்த டிக்கியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, பழத்தட்டை மடியில் வைத்துக்கொண்டார். பின்புறம் பொத்தென்று அமுங்கியது. மெதுவாக மிதித்தேன். சக்கரம் மண்ணைக் கவ்வியது, கார் நகர்ந்தது. நான் நிறுத்தவே இல்லை. வழிநெடுகப் போவோர் வருவோரிடமெல்லாம் கும்பிடு வாங்கிக்கொண்டே பெரியப்பா முதுகுப்பக்கமாக மலையேறினார்.

போய்ச் சேரும்போது பத்து முப்பத்தைந்து. எல்லாம் முடிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன். அங்கே காது குத்தவில்லை; கூட்டமே தரையைத் துழாவிக்கொண்டிருந்தது. ஆசாரி கொண்டு வந்த தங்கக் கம்பியைக் காணோமாம். இலையைப் புரட்டினார்கள், பாயை உதறினார்கள். பூசாரி மடியை விரித்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

தங்கச்சி மட்டும் எதையும் தேடவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்து, "உக்காருண்ணா" என்றாள். உட்கார்ந்தேன். பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு, மூடியிருந்த கையை என் கைக்குள் வைத்துத் திறந்தாள். கம்பி அவள் உள்ளங்கையில் பதிந்து, ரத்தம் கட்டியிருந்தது.