அக்கா கழற்றிப் பூட்டிய எஞ்சின்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து இந்தத் திதியுடன் ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று முடிவானதும் அக்காவின் மகள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, அம்மாவின்ரை நல்ல குணங்களை எழுதுங்கோ. தயவுசெய்து அந்தக் கார்க் கதையை இழுக்காதேங்கோ" என்றாள். ஓம் என்றுதான் சொன்னேன். ஆனால் காரை விட்டுவிட்டு எழுதினால் அது வேறு யாரோ ஒருவரைப் பற்றிய கட்டுரையாகிவிடும். அத்தோடு, அக்கா என்னிடம் சொல்லி, நான் ஒன்பது வருடங்களாகச் செய்யாமல் விட்ட காரியம் ஒன்றும் அந்தக் காரோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அக்கா கொட்டாஞ்சேனையில் பிறந்தவர். துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா காலமானபோது அக்காவுக்கு இருபத்திரண்டு வயது, எனக்குப் பதினொன்று. பகலில் பாடசாலையில் தையல் படிப்பித்து, பின்னேரத்தில் அயலவர்களுக்கு பிளவுஸ் தைத்துக் கொடுத்து எங்களை ஆளாக்கினார். அந்த நாட்களில் அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை என்று எழுதினால் பொய்யாகும். நன்றாகவே சுளிப்பார். ஏசிக்கொண்டே சோறு போடுவார், ஏசிக்கொண்டே இரண்டாம் தரமும் போடுவார்.

திருமணமாகி வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் குடியேறினார். அத்தான் அதிர்ந்து பேசாத மனிதர். ஒரு பழைய மொரிஸ் மைனர் வைத்திருந்தார். ஞாயிறு தவறாமல் அதைக் கழுவித் துடைப்பார். ஒருநாள் காலையில் அவர் காரை எடுத்தபோது எஞ்சின் டக்டக்கென்று அடித்து நின்றுபோனது. "வயசு போட்டுது, பாவம்" என்று தார்ப்பாயால் மூடிவிட்டார். சில வருடங்களில் அவரும் போய்விட்டார்.

ஓய்வு பெற்ற அடுத்த மாதமே அக்கா அந்தத் தார்ப்பாயை இழுத்து எறிந்தார்.

"இதைக் கழட்டிப் பாக்கப்போறன்."

"உங்களுக்கென்ன விசரே அக்கா? ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடுவம்."

"முப்பது வருசத்துக்கு மேலை பிரிச்சுத் தைச்சனான். இதைப் பிரிச்சுப் பூட்ட ஏலாதே? நீ வாயை மூடிக்கொண்டு ஸ்பானரைப் பிடி."

ஒழுங்கை முனையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர் சங்கிலிக் கப்பி கொண்டுவந்து எஞ்சினைத் தூக்கித் தந்தார். கடற்காற்றில் எல்லாம் கறள் பிடித்துவிடும் என்று அக்கா அதை வீட்டு ஹோலுக்குள் ஏற்றிவிட்டார். சோபா குசினிப் பக்கம் போனது. வந்த சொந்தக்காரர்கள் எஞ்சினில் முழங்கால் முட்ட இருந்து தேநீர் குடித்தார்கள். கழற்றிய ஆணிகளையெல்லாம் காட்போட் மட்டையில் படம் கீறி, அந்தந்த இடத்தில் குத்தி வைத்தார். பிளவுஸ் வெட்டும் கத்தரிக்கோலால், எண்ணெய் கசியாமல் இடையில் வைக்கும் கேஸ்கட் வெட்டினார். பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடைக்காரர், "நோனா, மேக ஹதன்னே கவுத?" என்று சிங்களத்தில் கேட்டார், திருத்துவது யார் என்று. "மம தமயி" என்றார் அக்கா, நான்தான் என்று. அந்த மனிதர் உடனே எழும்பித் தன் கதிரையை அக்காவுக்குக் கொடுத்தார்.

அடிப்பக்கத்தைத் திறந்த அன்றுதான் எனக்குக் கெட்ட காலம் பிடித்தது. பெயாரிங்குகள் கரிந்து கறுத்துப்போயிருந்தன. "எண்ணெய் இல்லாமல் ஓடியிருக்கு" என்ற அக்கா, சுவரில் இருந்த அத்தானின் படத்தைத் திரும்பிப் பார்த்தார். "கழுவித் துடைச்சாப்போலை காணுமே? எண்ணெய் பாக்கத் தெரியாதே உங்களுக்கு?"

அன்றிலிருந்து வருகிற எல்லோரிடமும் இதே கதைதான். எங்கள் குடும்பத்தில் கவனமில்லாமல் செய்யும் எதற்கும் 'அத்தான் ஓட்டம்' என்று பெயர் வந்தது அப்படித்தான். நீங்களும் சொல்லிச் சிரித்திருப்பீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், வெட்கமில்லாமல்.

உண்மை இதுதான். அந்தக் கார் நிற்பதற்கு முதல்நாள் வரை அது என்னிடம் இருந்தது. அத்தானிடம் இரவல் வாங்கிக்கொண்டு நண்பர்களுடன் நுவரெலியா போனேன். ஏற்றத்தில் எண்ணெய் லைட் எரிந்தது. "லைட் பழுது மச்சான், நீ ஓடு" என்றான் பக்கத்தில் இருந்தவன். அது எனக்கு வசதியாக இருந்தது, நம்பினேன். கொழும்புக்குத் திரும்பும்போது எஞ்சின் தட்டத் தொடங்கிவிட்டது. வழியில் எண்ணெய் வாங்கி நிரப்பி, நல்ல பிள்ளை மாதிரிக் கார்த் திறப்பைக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் அத்தான் வழக்கம்போல் எண்ணெய் பார்த்திருப்பார். நிறைய இருந்திருக்கும்.

கிராங்குத் தண்டைப் பட்டறையில் கடைந்து வாங்கி, எல்லாம் பூட்டி முடிய ஒன்பது மாதம் சென்றது. எஞ்சினைத் திரும்ப இறக்கும் நாள் நானா சங்கிலியைப் பிடித்தார். கிளட்ச் தட்டை நேர்படுத்த அக்கா அகப்பைக் காம்பைச் சீவி வைத்திருந்தார். எல்லாம் சரியாகவே வந்தது. கடைசி ஓரங்குலம் மட்டும் போகமாட்டேன் என்று எஞ்சின் அடம்பிடித்தது.

"பையப் பைய டீச்சர், அவசரப்படாதீங்க" என்றார் நானா.

அக்கா நெற்றியைத் துடைத்தார். "அந்த மனிசன் ஒழுங்கா எண்ணெய் பாத்திருந்தால் எனக்கு இந்தப் பாடு வந்திருக்குமே?"

எனக்கு அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "அக்கா, அது அத்தானில்லை. நான்" என்று நுவரெலியாக் கதை முழுவதையும் சொன்னேன். நானா சங்கிலியையும் விடமுடியாமல், எங்களையும் பார்க்கமுடியாமல் மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். ஹோலுக்குள், அத்தானின் படத்துக்கு முன்னால், அவருடைய குரல் கேட்டது.

"இஞ்சருங்கோ, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நீங்களில்லையாம். இந்தக் கழுதைதானாம்."

திரும்பி வந்தபோது அவருடைய கண்கள் சிவந்திருந்தன. "ஊரெல்லாம் அந்த மனிசனைப் பழிச்சுப்போட்டன். எல்லாரும் கூடியிருக்கேக்கை நீயே உன்ரை வாயாலை சொல்லோணும்" என்றார். ஓம் என்றேன். "சரி, எஞ்சினை உன்ரை பக்கம் ஆட்டு." ஆட்டினேன். உள்ளே போய் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை காரின் நான்கு சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய் வைத்துத் திறப்பைத் திருகினோம். இரண்டு தரம் இருமிவிட்டு எஞ்சின் பிடித்தது. அக்கா சிரித்தார், அழுதார், புகைக்கு இருமினார், எல்லாம் ஒரேயடியாக. அதன்பின் எட்டு வருடங்கள் கொட்டாஞ்சேனைத் திருவிழாவுக்கும் கல்கிசைக்கும் அந்தக் காரில்தான் போனோம். அக்காவின் வாழ்க்கையில் அவை நிறைவான வருடங்கள். ஒவ்வொரு தரமும் நான் ஏறுமுன் "எண்ணெய் பாத்தியா?" என்பார். குடும்பம் கூடும் ஒவ்வொரு தரமும் சாப்பாட்டு மேசைக்கு அப்பால் இருந்து என்னைப் பார்ப்பார். அடுத்த தரம் சொல்கிறேன் என்று கண்ணைக் காட்டிவிட்டுக் கோழிக்கறியை எடுப்பேன். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்து, "இன்னும் சொல்லேல்லை, என்ன?" என்று கேட்டுச் சிரித்தார்.

அக்காவைத் தங்கள் தாயைப் போல் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், இறுதிக் கிரியைகள் முடியும்வரை எங்களுக்குச் சமைத்து அனுப்பிய ஒழுங்கை வீட்டாருக்கும், பொரளை மயானத்தில் கடைசிவரை எங்களோடு நின்ற நானாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

இன்று எல்லோரும் கூடியிருக்கிறீர்கள். அத்தானின் சகோதரர்களும் பிள்ளைகளும் இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள். அத்தான் ஒருநாளும் எண்ணெய் பார்க்காமல் காரை எடுத்ததில்லை. இனிமேல் யாரும் 'அத்தான் ஓட்டம்' என்று சொல்ல வேண்டாம். 'தம்பி ஓட்டம்' என்று சொல்லுங்கள்.

சொல்லிவிட்டேன், அக்கா.