அக்கா, மிசின் போடப் போறேன்!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நாங்கள் சிவகாசியில், ஊர் முடிந்து கரிசல் காடு தொடங்குகிற இடத்தில் ஒரு தெருவில் குடியிருந்தோம். என் கணவர் அச்சாபீசுகளுக்குக் காலண்டர் படம் வரைந்து கொடுப்பவர். லட்சுமி, முருகன், பூக்கூடை வைத்த குழந்தை என்று எதைக் கேட்டாலும் வரைவார். அம்மனின் கண்ணிமையை ஒவ்வொரு முடியாக எழுதத் தெரிந்த மனிதருக்குச் சுவரில் ஒரு ஆணி அடிக்கத் தெரியாது. அடித்தால் ஆணியும் கோணும், விரலும் வீங்கும்.

நான் விருதுநகர்க்காரி. அங்கே எங்கள் அப்பாவுக்கு எண்ணெய் மில். பெல்ட்டுக்கும் ஸ்பேனருக்கும் நடுவில் வளர்ந்தவள் நான். அதனால் எங்கள் வீட்டில் படம் அவர் பாடு, மிசின் என் பாடு என்று ஆகிவிட்டது.

மிசின் என்றால் கம்ப்ரஸர். படத்தில் வானமும் மேகமும் வழவழவென்று வர வேண்டும் என்றால் தூரிகை போதாது, ஸ்பிரே பேனாவில் காற்றைக் கொடுத்து வர்ணத்தை ஊத வேண்டும். அதற்காக வீட்டு முன்னறையில் ஒரு மோட்டாரும் பம்பும், குடத்தைப் படுக்கப் போட்ட மாதிரி ஓர் இரும்பு டாங்கும் வைத்திருந்தோம். டாங்கில் அடைந்து கிடக்கும் காற்றை அப்படியே விட்டால் எதுவும் தாங்காது. நடுவில் ஒரு ரெகுலேட்டர் இருந்து, அதை அடக்கி வேண்டிய அளவுக்கு மட்டும் விடும். அதை அடுத்து, காற்றிலுள்ள ஈரத்தைப் பிடிக்க ஒரு கண்ணாடிக் குடுவை. அதற்குப் பிறகுதான் ரப்பர் குழாயும் பேனாவும். “மிசினுக்கு இது, எனக்கு நீ” என்று அந்த ரெகுலேட்டரைக் காட்டி அவர் கேலி செய்வார்.

பக்கத்து வீட்டில் ஓர் அக்கா இருந்தார். எங்கள் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். அக்காவின் வீட்டுக்காரர் ஒரு பட்டாசு ஆபீஸில் வேலை பார்த்து, அங்கே நடந்த விபத்தில் போய்விட்டார். நாங்கள் அந்தத் தெருவுக்கு வருவதற்கு முன்பே நடந்தது அது. அக்கா வீட்டிலிருந்தபடியே தீப்பெட்டிக் கூடு ஒட்டுவார். கல்யாண வயதில் ஒரே மகள். அவளும் திரி வைக்கிற வேலைக்குப் பட்டாசு ஆபீஸுக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். வானம் பார்த்த பூமியில் வேறு எந்த வேலைக்குப் போவது?

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் வெடிச் சத்தம் புதிதில்லை. சரக்கைச் சோதித்துப் பார்க்க எங்கேயாவது வெடித்துக்கொண்டேதான் இருப்பார்கள். அதற்கு யாரும் தலையைக்கூடத் தூக்க மாட்டார்கள். ஆனால் வேறொரு சத்தம் உண்டு, ஆபீஸே வெடிக்கிற சத்தம். காதுக்கு முந்தி வயிறு அதைத் தெரிந்துகொள்ளும். அது கேட்டால் பெண்கள் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடி வந்து வானத்தைப் பார்ப்பார்கள். புகை எந்தப் பக்கம் எழுகிறது, வெம்பக்கோட்டைப் பக்கமா, ஆமத்தூர்ப் பக்கமா என்று பார்ப்பார்கள். அந்தப் பக்கம் தன் ஆள் இருக்கிறவள் ஓடுவாள். இல்லாதவள் உள்ளே திரும்புவாள். அவளுக்கும் அன்று சோறு இறங்காது.

அது வைகாசி மாதம், உச்சி வேளை. ஆர்டர் பிடிக்கக் காட்டுகிற காலண்டர் ஆல்பம் ஆடிக்குள் தயாராக வேண்டும் என்பதால் என் கணவர் மும்முரமாக வானம் ஊதிக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். திடீரென்று வீடே அதிரும்படி ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் கண்ணாடிக் குடுவை இருந்த இடத்தில் குடுவை இல்லை. சில்லுகள் சுவரில் குத்திக்கொண்டு நின்றன. படத்து லட்சுமியின் முகத்தில் நீல வர்ணம் ஒழுகியது. அவர் கன்னத்தில் ஒரு கீறல், அவ்வளவுதான். கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

மோட்டாரை நிறுத்திவிட்டு ரெகுலேட்டரைப் பார்த்தேன். உள்ளே இருக்கிற ரப்பர் தட்டு கிழிந்துபோய், டாங்கின் மொத்தக் காற்றும் தடையில்லாமல் குடுவைக்குள் பாய்ந்திருக்கிறது. தப்பித்தோம் என்று சாமியைக் கும்பிட்டு, சில்லுகளைக் கூட்டி முறத்தில் அள்ளிக்கொண்டு தெருவுக்கு வந்தேன்.

தெருவில் யாருமே இல்லை. கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. எதிர் வீட்டில் உலை பொங்கி அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தது. அக்கா வீட்டு வாசலில் பசைக் கிண்ணம் கவிழ்ந்து, ஒட்டாத தீப்பெட்டிக் கூடுகள் காற்றில் உருண்டன. ஓட முடியாத ஒரு பெரியவர் மட்டும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எந்த ஆபீஸுன்னு தெரியலையேத்தா. புகையவே காணோம்” என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சத்தம் எங்கள் வீட்டுக்குள்ளிருந்து வந்தது என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், முறத்திலிருந்த கண்ணாடியைப் பார்த்தார். திட்டக்கூட இல்லை. “போய்ச் சொல்லுங்கத்தா, ஓடிப்போய்ச் சொல்லுங்க” என்றார்.

என் கணவர் ரத்தம் வழிகிற கன்னத்தோடு சைக்கிளை எடுத்தார். முக்கு ரோட்டில் நின்று தவித்துக்கொண்டிருந்த பெண்களிடம் சொல்லித் திருப்பி அனுப்பினார். அக்கா அங்கே இல்லை. எந்தப் பக்கமும் புகை தெரியாததால் யாருக்காகவும் நிற்காமல், மகள் வேலை பார்க்கிற ஆபீஸுக்கே நேராக ஓடியிருக்கிறார். வைகாசி வெயிலில், செருப்பில்லாமல், தார் ரோட்டில். என் கணவர் போய்ச் சேர்ந்தபோது ஆபீஸ் வாசலில் மகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாராம். ஒவ்வொரு விரலாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாராம். இதைச் சொல்ல வந்த என் கணவர் பாதியிலேயே நிறுத்திவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டார்.

லோடு ஏற்றுகிற மாட்டு வண்டியில்தான் அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். உள்ளங்கால் இரண்டும் கொப்பளித்துக் கிடந்தன. நான் தேங்காய் எண்ணெயை எடுத்துக்கொண்டு போனேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அக்கா காலை நீட்டினார், அவ்வளவுதான். தெருவில் மற்றவர்கள் திட்டினார்கள். “ஊரைச் சுத்தி இருக்கிறது பத்தாதுன்னு வீட்டுக்குள்ள வேற ஒண்ணு வச்சிருக்கீகளா?” என்று ஒரு பெண் கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான்.

மிசின் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடினேன். இனி ஓடாது என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். ஆல்பத்துக்குப் படம் கொடுக்காவிட்டால் ஆர்டர் வேறு ஆளுக்குப் போகும். அந்த வருஷம் முழுவதும் எங்கள் பிழைப்பு என்ன ஆகும் என்று தெரியாது. இருந்தாலும் என் கணவரும் மறுத்துப் பேசவில்லை.

அக்கா நடமாடத் தொடங்கியதும், குதிகாலை மட்டும் ஊன்றி ஊன்றி எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“மிசினை நிப்பாட்டிட்டீகளாம்ல?”

“ஆமாக்கா. இனிமே வேண்டாம்.”

“அவுக பொழப்பு அதுதான? நிப்பாட்டிட்டு என்னத்தத் திங்கப் போறீக? கெட்டுப்போன சாமானை மாத்தி ஓட்டு.” சாக்கின் ஒரு நுனியைத் தூக்கிப் பார்த்தார். “ஒண்ணு மட்டும் செய்யி. மொதத் தடவை போடுறப்ப என்னையக் கூப்பிடு. பக்கத்துல வந்து உக்காந்துக்கிடுறேன்.”

“எதுக்குக்கா? மறுபடியும் வெடிச்சா?”

“வெடிச்சா வெடிச்சிட்டுப் போகுது. இதுதான் வெடிச்சுச்சு, எம்மக ஆபீஸ் இல்லைன்னு எனக்குத் தெரியும்லத்தா. அன்னைக்குத் தெரியாமத்தான அம்புட்டுத் தூரம் ஓடுனேன்.”

நான் அழுதுவிட்டேன். அக்கா அழவில்லை.

என் கணவர் மதுரைக்குப் போய், ஸ்பிரே சாமான் விற்கிற கடையில் புது ரெகுலேட்டரும், கண்ணாடிக்குப் பதிலாகப் பித்தளைக் குடுவையும் வாங்கி வந்தார். நான் டாங்கின் அடியிலிருந்த குழாயைத் திறந்து, உள்ளே ஒரு மூச்சுக் காற்றுகூட இல்லாமல் வெளியேற்றினேன். பழையதைக் கழற்றினேன். அப்பா மில்லில் செய்கிற மாதிரி மரையில் சணல் நூலைச் சுற்றி, பெயிண்ட் தடவி, புதியதை முடுக்கினேன். அதில் காற்றழுத்தம் காட்டுகிற மீட்டரின் முகம் என் பக்கம் தெரியும்படி, பழையது இருந்தபடியே நிறுத்தினேன். பிறகு அக்காவைக் கூப்பிட்டேன்.

வந்தார். நான் போட்ட மணையில் உட்காரவில்லை. மிசினுக்கு முன்னால், குடுவைக்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்தார். குத்துக்காலிட்டு, முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தள்ளி உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை. “போடுத்தா” என்றார். குரல் நடுங்கியது. அவர் எவ்வளவு பயந்துபோய் அங்கே உட்கார்ந்திருந்தார் என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

சுவிட்சில் கை வைத்தேன். அழுத்த வரவில்லை. நான் மட்டும் இருந்திருந்தால் அழுத்தியிருப்பேன், எண்ணெய் மில்காரன் மகளாச்சே என்ற தெம்பில். எதிரே அந்த முகத்தை வைத்துக்கொண்டு முடியவில்லை.

“இருங்கக்கா, ஒருக்கா தடவிப் பாத்துக்கிடுறேன்” என்று சொல்லி, எல்லா இணைப்பையும் மறுபடி விரலால் தொட்டுக்கொண்டே வந்தேன். ரெகுலேட்டரின் முதுகுப் பக்கம் அரிசி அளவுக்கு ஏதோ புடைத்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். காற்று எந்தப் பக்கம் போக வேண்டும் என்று காட்டுகிற அம்புக்குறி. அது டாங்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்தக் கம்பெனி சாமானில் மீட்டர் மறு பக்கம் இருந்திருக்கிறது. பழையதைப் பார்த்து நான் தலைமாற்றி மாட்டியிருக்கிறேன். அப்படியே ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ, எனக்குத் தெரியாது. ரெகுலேட்டர் தன் வேலையைச் செய்திருக்காது என்பது மட்டும் தெரியும்.

அக்காவிடம் மறைக்கவில்லை, சொன்னேன். “சரியா மாட்டு, நான் இருக்கேன்” என்றார். நான் கழற்றித் திருப்பி மாட்டி முடிக்கிற வரைக்கும் இடத்தை விட்டு அசையவில்லை.

பிறகு சுவிட்சைப் போட்டேன். மோட்டார் ஓடியது, டாங்க் நிறைந்தது. டாங்கின் மீட்டரில் முள் ஏறிக்கொண்டே போனது. ரெகுலேட்டரின் முள் நான் வைத்த இடத்தில் வந்து நின்றது, அதற்கு மேல் ஏறவில்லை. என் கணவர் பேனாவை எடுத்து ஒரு பழைய தாளில் ஊதினார். மெல்லிசாக ‘உஸ்’ என்று ஒரு சத்தம். நீலம் பனி மாதிரி படிந்தது.

அக்கா முந்தானையை விட்டார். வெகு நேரம் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது ஒண்ணாவது சொன்ன பேச்சு கேக்குதே” என்றார்.

அன்றிலிருந்து மிசினைப் போடுவதற்கு முன்னால் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, “அக்கா, மிசின் போடப் போறேன்!” என்று குரல் கொடுப்பேன். “போடுத்தா” என்று பதில் வந்த பிறகுதான் சுவிட்ச். அவர் மகள் கல்யாணமாகி, ஆபீஸ் வேலையை விட்டு, விவசாயக் குடும்பத்துக்கு வாழப்போன பிறகும் அந்த வழக்கத்தை நான் விடவில்லை. “இனி எதுக்கு எங்கிட்டச் சொல்லுற? எம்மகதான் காட்டுல கடலை பறிக்காளே” என்று ஒருநாள் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அந்தத் தெருவையும் மிசினையும் விட்டு வந்து வெகு காலமாகிவிட்டது. அக்காவும் இல்லை. இன்றைக்கும் வீட்டில் மிக்ஸியைப் போடும்போதும் குக்கரை ஏற்றும்போதும் என் கை ஒரு கணம் நிற்கிறது, வாய் தானாக “அக்கா” என்கிறது. என் வீட்டுச் சத்தம் என் வீட்டோடு முடிந்துவிடுவதில்லை என்பதை அந்தக் கொப்பளித்த பாதங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். “போடுத்தா” என்று சொல்ல இப்போது யாரும் இல்லை என்பது தெரிந்தும், அந்தப் பதிலுக்காகக் கொஞ்சம் காத்திருந்துவிட்டுத்தான் சுவிட்சைத் தொடுகிறேன்.