வரைபடத்தில் இருந்த கிணறு

இது கட்டுக்கதை இல்லை. என் வீட்டில், என் பிள்ளைக்கு நடந்தது. நம்புகிறவர்கள் நம்புங்கள், சாப்பிட்டுக்கொண்டே படிக்க மட்டும் வேண்டாம்.

நான் அண்ணி என்று கூப்பிடும் என் நாத்தனாருக்குப் பழைய வரைபடம் என்றால் உயிர். எங்கள் கிராமத்து வரலாற்றை எழுதப் போகிறேன் என்று, நூறு வருஷத்துக்கு முந்தைய வரைபடத்தின் நகல் ஒன்றை வாங்கி வந்தார். அதை மெல்லிய தாளில் படியெடுத்து, இன்றைய வரைபடத்தின் மேல் வைத்து, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிடுவார். வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். இங்கே சந்தை இருந்தது, அங்கே பாதை போனது என்று நாள் முழுக்க ஒரே பிரதாபம். அப்போது பார்த்து எங்கள் குழாயில் தண்ணீர் நின்றுபோனது. மூன்று வயதுப் பாப்பாவையும் வைத்துக்கொண்டு குடம் சுமந்தே என் இடுப்பு ஒடிந்தது.

"உங்க கொல்லையிலயே ஒரு கிணறு இருந்திருக்கு. இங்க பாரு, வட்டம்."

"நிஜமாவா அண்ணி?"

"வரைபடம் பொய் சொல்லுமா?"

என் கணவருக்கு அக்கா சொன்னால் மறுபேச்சே கிடையாது. கிணறு வெட்டுபவர் ஆட்களோடு வந்தார். வட்டம் இருந்த இடத்தில் தோண்டியதும் பழைய செங்கல் சுவர் அப்படியே தெரிந்தது. அடைத்திருந்த மண்ணைப் பல நாள் அள்ளினார்கள். பிறகு என்ன நினைத்தாரோ, வெட்டியவர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். மறுநாள் காலையில் எட்டிப் பார்த்தால் தண்ணீர்! அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை.

குடித்தோம். வெதுவெதுவென்று இருந்தது. லேசாக இனித்தது. டம்ளரில் கொழகொழவென்று ஏதோ படிந்து, தேய்த்தாலும் போகவில்லை. புதுத் தண்ணீர் அப்படித்தான் இருக்கும் என்றார் அண்ணி. ஒரு நாள் என் நாக்கில் முடி சிக்கியது. இழுத்தேன்... வந்துகொண்டே இருந்தது. சீ! எங்கள் வீட்டில் யாருக்கும் அவ்வளவு நீள முடி இல்லை.

பாப்பா அதைத் தவிர எதையும் தொடவில்லை. சோறு வேண்டாம், பால் வேண்டாம். டம்ளரின் அடியை நக்கினாள். வயிறு உப்பியது, கைகால் குச்சியாகிவிட்டது. டாக்டருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நான் பெற்ற பிள்ளை என் கண்முன்னால் உருகிக்கொண்டிருந்தாள்.

அன்று நல்ல உச்சி வெயில். வாளியை இறக்கினேன்.

உள்ளே ஒரு சத்தம். களக்... களக்... யாரோ விழுங்குகிற சத்தம்.

கயிறு கனத்தது. பிறகு தளர்ந்தது.

வாளி மேலே வந்துகொண்டிருந்தது.

நான் இழுக்கவில்லை.

வாளியின் விளிம்பில் நான்கு விரல்கள். ஊறி வெளுத்தவை. தோல் உரிந்து தொங்கியது.

"பாப்பாவுக்கா?"

கேட்டது கிணற்றுக்குள்ளிருந்து...

கயிற்றை விட்டுவிட்டு ஓடினேன்.

"உங்க வரைபடத்துல தீய வைக்க! அது என்ன கிணறுன்னு முதல்ல போய்ப் பாத்துட்டு வாங்க!" என்று அண்ணியிடம் கத்தினேன்.

நகரத்தில் இருந்த மூல வரைபடத்தைப் பார்த்துவிட்டு, முகம் செத்துத் திரும்பி வந்தார்.

"நகல்ல எல்லா வட்டமும் கறுப்பு. அசல்ல கலர் இருக்கு. நல்ல கிணறெல்லாம் நீலம்..."

"நம்மளது?"

"சிவப்பு. கொள்ளைநோய்ல செத்தவங்கள உள்ள போட்டு மூடினது."

அந்த நிமிஷமே பாப்பாவைத் தூக்கிக்கொண்டு என் அம்மா வீட்டுக்குப் போனேன். மறுநாளே சோறு கேட்டாள். பிழைத்துக்கொண்டாள்.

அவளை அங்கேயே விட்டுவிட்டு நான் திரும்பி வந்ததும், கிணற்றை மூட, வெட்டியவரையே அழைத்தார் என் கணவர்.

"ஏன்யா பாதியில விட்டுட்டுப் போனீங்க?"

"பாதியா? அடிப்பாறை வரைக்கும் அள்ளியாச்சுங்க. பொட்டுத் தண்ணி இல்ல. அத உங்க முகத்தப் பாத்துச் சொல்ல சங்கடமா இருந்துச்சு."

"எலும்பு ஏதாவது...?"

"ஒண்ணு கூட இல்லீங்க. வெறும் மண்ணுதான்."

கணவர் நம்பவில்லை. தானே இறங்கிப் பார்த்தார். அடியில் காய்ந்த பாறை. சுவரில் ஈரம் பட்ட தடம்கூட இல்லை.

மேலே வந்தவர் எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கொல்லை ஓரமாகப் போய், குனிந்து, தொண்டைக்குள் விரலை விட்டார்.