கரண்ட் வந்ததைச் சொல்லும் ரேடியோ

போன வாரம், போர்ட்பிளேரிலிருந்து கப்பலில் போகிற ஹட் பேயில், ஒரு ரேடியோ என் கண் முன்னால் புகைந்தது. இன்னும் வயிறு எரிகிறது. எழுதித் தீர்த்துவிடுகிறேன்.

நல்ல வால்வு செட். தேக்குப் பெட்டி. மெட்ராஸிலிருந்து கப்பலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. அதை வீட்டில் வைத்திருந்த அழகைக் கேளுங்கள். பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தது. மேலே ரோஜாப்பூ பின்னிய வெல்வெட் உறை. உப்புக் காற்று படக்கூடாதாம், அதனால் உறைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் ஷீட். ஷீட்டுக்கு மேல் மாதா படம். மாதாவுக்கு முன்னால் மெழுகுவத்தி.

ரேடியோவா அது? கல்லறை.

வீட்டுக்காரன் அந்தோணி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரன், மர டிப்போவில் தச்சு வேலை. மனைவி பிலோமினா. நான் போர்ட்பிளேரில் வயரிங் வேலை செய்து பிழைக்கிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். டிப்போ கோடவுனுக்கு லைன் இழுக்கப் போனேன். கடல் கொந்தளிப்பில் கப்பல் வரவில்லை. மாட்டிக்கொண்டேன். அந்தோணிதான் வீட்டில் இடம் கொடுத்தான்.

சோறு போட்ட வீட்டைப் பற்றி இப்படி எழுதலாமா? எழுதலாம். மீன் குழம்பு அருமை. ரேடியோ வைத்திருந்த விதம் கேவலம். இரண்டும் உண்மை.

அந்தக் குடியிருப்பு கப்பல் ஜெட்டியிலிருந்து வெகுதூரம் உள்ளே, காட்டை வெட்டிய இடத்தில் இருக்கிறது. ஒரே வரிசையாகக் குவார்ட்டர்ஸ். டிப்போ ஜெனரேட்டரிலிருந்து கரண்ட். சாயங்காலம் வரும், ஒன்பது மணிக்குப் போகும். சாயங்காலம் என்றால் எப்போது? ஆபரேட்டர் டீ குடித்து முடித்த பிறகு.

அதனால் அங்கே ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். ரேடியோவை அணைப்பதே இல்லை. கரண்ட் போகும்போது எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிடுவார்கள். சுவிட்ச் போட்டபடி இருக்கும். வால்யூம் முழுக்கத் திருகியிருக்கும். மேலே உறை. மறுநாள் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் ரேடியோ தானாகக் கத்தும். கிணற்றடியில் இருக்கிறவளுக்கும் கேட்கும். "லைட் ஆ கயா" என்று பிள்ளைகள் ஓடும். அதாவது, கரண்ட் வந்துவிட்டது என்று ஊருக்குச் சொல்வதே ரேடியோதான்.

கேட்க அழகாக இருக்கிறதல்லவா? எனக்கு முதல் நாளே பற்றிக்கொண்டு வந்தது.

ஜெனரேட்டர் கிளம்பும்போது வோல்டேஜ் குடிகாரன் மாதிரி வரும். ஒரு நிமிஷம் தள்ளாடும், அடுத்த நிமிஷம் எகிறி அடிக்கும். நிதானத்துக்கு வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த அடியை முதலில் வாங்குவது யார்? சுவிட்ச் போட்டபடி மூடிக் கிடக்கிற ரேடியோ. வால்வு செட் அடுப்பு மாதிரி சூடாகும். அந்தச் சூடு வெளியே போகத்தான் பின்பக்க அட்டையில் கம்பெனிக்காரன் ஓட்டை வைத்திருக்கிறான். அதைச் சுவரை வைத்து அடைத்து, மேலே வெல்வெட்டும் பிளாஸ்டிக்கும் போர்த்தினால்...?

அந்தோணியிடம் சொன்னேன். சிரித்தான்.

"ரெண்டு வருசமா இப்படித்தான் கெடக்கு அண்ணாச்சி. ஒண்ணும் ஆவல."

ஃப்யூஸ் போனதே இல்லையா என்று கேட்டேன். ஒருமுறை போனதாம். சிகரெட் பாக்கெட் வெள்ளித்தாளைச் சுருட்டி அந்த இடத்தில் வைத்தானாம். அதற்குப் பிறகு போகவே இல்லையாம். இதைப் பெருமையாகச் சொன்னான். எப்படிப் போகும்? செட்டைக் காப்பாற்ற ஃப்யூஸ் சாக வேண்டும். இவன் ஃப்யூஸுக்குச் சாகாவரம் கொடுத்து உட்கார வைத்துவிட்டான். இனி சாவது செட்தான். சில வீடுகளில் ஆளும்.

திட்டினேன். கேட்டுக்கொண்டான். குமிழைத் தொடவில்லை.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அந்த ரேடியோவை அந்த வீட்டில் யாரும் பாட்டுக்காக நம்பியிருக்கவில்லை. பிலோமினாவுக்கு மாதம் நெருங்கிவிட்டது. பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடக்கிறது, இங்கே பிரசவம் பார்க்க முடியாது, அடுத்த கப்பலில் போர்ட்பிளேர் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த கப்பல் இரண்டு தடவை கேன்சல் ஆகிவிட்டது. இனி எப்போது? தினமும் ஏழு மணி வாக்கில் போர்ட்பிளேர் ஸ்டேஷன் கப்பல் செய்தி சொல்லும். அதைக் கேட்டால்தான் தெரியும்.

ஜெட்டி ஆபீஸில் கேட்கலாமே என்பீர்கள். சகதியில் போய்வர அரை நாள். அந்தோணி காலையில் போனான். "மாலூம் நஹி", தெரியாது என்று ஆபீஸ் பாபு கையை விரித்தாராம். எதுவும் சாயங்காலம்தான் முடிவாகுமாம். வருகிற கப்பலும் ஆளுக்காகக் காத்து நிற்காது. செய்தியைத் தவறவிட்டால் கப்பலையும் தவறவிட வேண்டியதுதான்.

அன்று சாயங்காலம் ஜெனரேட்டர் கிளம்பியது. ரேடியோ வழக்கம்போலக் கத்தியது. பிறகு கத்தல் உறுமலானது. தார் கருகிய வாடை. பிளாஸ்டிக் ஷீட் சுருங்கி வெல்வெட்டில் ஒட்டிக்கொண்டது. உறைக்கு அடியிலிருந்து புகை.

அந்தோணி என்ன செய்தான் தெரியுமா? மாதா படத்தை எடுத்துப் பிலோமினா கையில் கொடுத்தான். அதுவரை சரி. அடுத்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கினான். பிளக் சுவரில் இருக்கிறது, கரண்ட் ஓடுகிறது, இவன் வெறுங்காலோடு மண் தரையில் நின்று தண்ணீர் ஊற்றப் போகிறான்.

குடத்தோடு சேர்த்து அவனைத் தள்ளினேன். குடம் உடைந்தது. காய்ந்த மரக்கட்டை ஒன்றைக் கையில் எடுத்து வீட்டு மெயின் சுவிட்சைத் தட்டி இறக்கினேன். பிறகுதான் பிளக்கைப் பிடுங்கினேன். உறையை இழுத்து வெளியே எறிந்து, மணலை அள்ளிப் போட்டேன். மூங்கில் தட்டிச் சுவர் கருகியதோடு பிழைத்தது. ஃப்யூஸ்? வெள்ளித்தாள் பளபளவென்று அப்படியே இருந்தது.

வாயைத் திறந்தேன். நல்ல வார்த்தைகள் வரப் போவதில்லை என்று எனக்கே தெரியும். பிலோமினா படத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"செட்டு போனாப் போவட்டும் அண்ணே. இன்னைக்குக் கப்பல் சேதி போச்சே."

திட்டு அப்புறம் என்று வாசலுக்கு ஓடினேன்.

வரிசையில் வேறு யாரிடம் ரேடியோ உண்டு? இரண்டு பேரிடம். நாலாவது வீட்டு மண்டல் பாபு வாசலுக்கே வந்துவிட்டார். "மேரா பீ ஐஸா ஹீ மரா" என்றார். அவருடையதும் இப்படித்தான் செத்ததாம், போன மாதம். இந்த வழக்கத்தின் பிதாமகரே அவர்தானாம். தன் செட் செத்த பிறகும் அந்தோணியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விதி என்று நினைத்தாராம்!

மிச்சம் டிப்போ கிளார்க் சுந்தரம். அவரிடம் டிரான்சிஸ்டர். அதற்குக் கரண்டே வேண்டாம். எல்லோரும் அங்கே ஓடினோம். டிரங்குப் பெட்டியைத் திறந்து, வேட்டியைப் பிரித்து, டவலைப் பிரித்து, குழந்தையை எடுப்பதுபோல எடுத்தார்.

"செல் தேஞ்சிடும்னு நான் போடறதே இல்ல சார்" என்றார்.

மூடியைக் கழற்றினேன். நாலு செல்லும் ஊதி வெடித்து, ரசம் கசிந்து, பெட்டிக்குள் பாறையாக ஒட்டிக் கிடந்தன. தகடுகளில் பச்சை பூத்திருந்தது. எத்தனை மாதம்? அவருக்கே நினைவில்லை.

பக்கத்து வீட்டு முத்தம்மா எட்டிப் பார்த்தாள். சிலோன் தோட்டத்திலிருந்து வந்து குடியேறியவள். யாருக்கும் பயப்பட மாட்டாள்.

"பெட்டிக்குள்ள வச்சு அடைகாத்தீங்களா கிளார்க்கய்யா? குஞ்சு பொரிச்சிருக்கு பாருங்க."

அந்த நேரத்திலும் சிரித்தோம். சுந்தரமும் சிரித்தார், பாவம்.

செல்களைக் கத்தியால் நெம்பி எடுத்தேன். பச்சையைச் சவரப் பிளேடால் சுரண்டினேன். உப்புத்தாளால் தேய்த்து, காய்ந்த துணியால் துடைத்தேன். ஒரு ஸ்பிரிங் அரித்துப்போய் ஒடிந்து விழுந்தது. அந்த இடத்தில் வெள்ளித்தாளை உருட்டி வைத்தேன். ஃப்யூஸில் வைத்தால் உதைப்பேன். டிரான்சிஸ்டரில் அவசரத்துக்கு வைக்கலாம்.

செல்லுக்கு எங்கே போவது? கப்பல் வராமல் கடையில் செல் தீர்ந்து வெகுநாள் ஆகிவிட்டது. டார்ச் செல்தான். அங்கே டார்ச் இல்லாமல் யாரும் வாசல் தாண்டமாட்டார்கள். பூரான் உள்ளங்கை நீளம் இருக்கும். பாம்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கரண்ட் போன பிறகு டார்ச்தான் கண்.

நான் யாரிடமும் கேட்கவில்லை. முத்தம்மா வீட்டுக்குள் போனாள். டார்ச்சைத் திருகித் திறந்து இரண்டு செல்லை என் கையில் கொட்டினாள். மண்டல் பாபு இரண்டு கொடுத்தார். கோடி வீட்டுத் தெலுங்குக்காரர் இரண்டு. கேட்காமலே கை நிறைந்துவிட்டது. ஒவ்வொன்றாக டார்ச் பல்பில் வைத்துப் பார்த்து, நன்றாக எரிந்த நாலைப் பொறுக்கினேன். பழைய செல்லையும் புதிய செல்லையும் கலக்காதே என்று இதே பத்தியில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்? அன்று கலந்தேன். வேறு வழியில்லை.

கரகரவென்று ஒரு சத்தம். பிறகு ஒரு குரல். அத்தனை பேரும் டிரான்சிஸ்டரைச் சுற்றி நெருங்கினோம். சந்தை விலை சொன்னார்கள். யாருக்கோ பாராட்டு விழா என்றார்கள். கடைசியில் கப்பல் செய்தி, ஹிந்தியில். கப்பல் கிளம்பிவிட்டது. விடிகாலையில் ஹட் பே வரும். மத்தியானம் மறுபடி கடல் கெடும் என்பதால் ஆட்களை ஏற்றிக்கொண்டு காலையிலேயே திரும்பிவிடும்.

காலையிலேயே! அன்று செய்தி கேட்காமல் மறுநாள் நிதானமாக விசாரிக்கப் போயிருந்தால் ஜெட்டியில் என்ன இருந்திருக்கும்? அலைதான்.

அப்புறம் யாருக்கும் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சுந்தரம் டிப்போ லாரிக்கு ஏற்பாடு செய்தார். மரத்தூள் மூட்டைகளை அடுக்கி மெத்தை போட்டார்கள். மண்டல் பாபுவின் மனைவி துணைக்கு ஏறிக்கொண்டாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, பிலோமினாவுக்கு வங்காளம் தெரியாது. இரண்டு பேரும் உடைந்த ஹிந்தியில் வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தார்கள். கப்பலைப் பிடித்துவிட்டோம்.

கருகிய செட்டையும் நான் தூக்கிக்கொண்டேன். கப்பலில் அந்தோணி மெதுவாகக் கேட்டான்.

"செட்டை அணைச்சு வச்சா, கரண்ட் வந்தது எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

"பல்பு எதுக்குடா இருக்கு?"

"அட, ஆமா" என்றான். பிலோமினா வலியோடு சிரித்தாள். ரெண்டு வருஷம்! ஒரு பல்பின் சுவிட்சைப் போட்டு வைத்துவிட்டுப் போயிருந்தால் முடிந்தது. பல்பு தள்ளாடாமல் நின்று எரிகிறதா என்று பார்த்து, அப்புறம் ரேடியோவைப் போட வேண்டும். அவ்வளவுதான் வித்தை.

உறை போடவே கூடாதா என்று பிலோமினா கேட்டாள். அவள் பின்னிய ரோஜா அல்லவா? போடம்மா. பாடி முடிந்து, பிளக்கைப் பிடுங்கி, பெட்டி ஆறிய பிறகு போடு. பிளாஸ்டிக் மட்டும் வேண்டாம், ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும். தினமும் கொஞ்ச நேரம் பாடவிட்டால் அந்தச் சூடே ஈரத்தை விரட்டும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வை. மாதாவுக்குத் தனிப் பலகை அடிக்கச் சொல். புருஷன் தச்சன்தானே?

செட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டேன். டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. வால்வுகள் தப்பிவிட்டன. டிரான்ஸ்ஃபார்மருக்குப் புதுக் கம்பி சுற்றிக்கொண்டிருக்கிறேன். பாடும். ஃப்யூஸ் நான் போட்டுத் தருவேன். கை வைத்தால் விரலை ஒடிப்பேன்.

இந்த இதழும் ஹட் பேவுக்குக் கப்பலில்தான் போகும். அந்தோணி இன்னும் ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் படுத்திருக்கிறான். ஆகவே, டார்ச்சைக் காலி செய்துவிட்டு இருட்டில் நடந்த வரிசை வீட்டுக்காரர்களே, சேதியை என்னிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். அது அழுகிற அழுகை கடைசி வார்டு வரை கேட்கிறது...

அந்த வால்யூமைக் குறைக்கச் சொல்லி என்னிடம் யாரும் வர வேண்டாம்.