அனுபியாஸுக்குக் கட்டிய காப்பு

அந்த வீட்டில் வெளிச்சம் பெரியப்பாவுக்குச் சொந்தமாக இருந்தது. மில்லிக்கனில் அவர் வாங்கிய வீட்டின் மேல்பகுதி முழுக்க அவரும் பெரியம்மாவும் இருந்தார்கள். கீழே பேஸ்மென்ற்றில் அம்மாவும் நானும். எங்களுக்கென்று இருந்த ஒரே யன்னல் கூரையோடு ஒட்டியிருந்தது. அதனூடாகப் புல்லின் அடியையும் போகிறவர்களின் சப்பாத்துகளையும் பார்க்கலாம். அப்பா வேலைக்கென்று எங்கோ தூரத்து எட்மன்ரனுக்குப் போயிருந்தார். எப்போதாவது தொலைபேசியில் பேசுவார்.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். குப்பை எடுக்கும் நாளில் அயல்வீட்டார் தெருவோரம் வைத்த சின்னக் கண்ணாடித் தொட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தேன். மேலே பெரியப்பாவிடமும் ஒரு மீன்தொட்டி இருந்தது. கட்டில் அளவு. ஊதாக் கற்கள், பிளாஸ்ரிக் செடிகள், வாயைத் திறந்து திறந்து மூடும் ஒரு முதலை. அந்தத் தொட்டியில் ஒரு செடியும் செத்ததில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். பிளாஸ்ரிக் எப்படிச் சாகும்? என் தொட்டியில் உயிருள்ள செடிதான் இருக்கும் என்று நான் பிடிவாதமாக நின்றேன்.

ஸ்ரீல்ஸ் வீதிப் பிளாஸா ஒன்றில் இருந்த வளர்ப்புமீன் கடையில் அம்மா ஒரு அனுபியாஸ் வாங்கித் தந்தார். வெளிச்சம் குறைந்த அறையில் வைத்தாலும் மெல்ல மெல்ல வளரும் தண்ணீர்ச் செடி அது. கரும்பச்சையில் தடித்த இலைகள், கீழே இஞ்சித் துண்டு போல ஒரு தண்டு. அந்த இஞ்சித் தோற்றம்தான் எங்களைக் கவிழ்த்தது. இஞ்சியை மண்ணுக்குள் எப்படித் தாழ்ப்பதென்று அம்மாவுக்குத் தெரியாதா என்ன! தொட்டியின் அடியில் பரப்பிய கல்லை விலக்கி ஆழமாகத் தாழ்த்து, மேலே அமர்த்தியும் விட்டார்.

கொஞ்ச நாளில் தண்டு கூழாகி இலைகள் கழன்று மிதந்தன. நாற்றம் சூடுகாற்றுக் குழாய்க்குள் புகுந்து நேரே மேல்வீட்டு வரவேற்பறைக்குப் போய்விட்டது. மூக்கைப் பிடித்தபடி பெரியப்பா இறங்கி வந்தார்.

"உந்த இருட்டுக்குள்ளை ஒண்டும் வளராது. இன்னொருக்கா அழுகினால் தொட்டியைத் தூக்கி வெளியிலை வைச்சிடுவன்."

"நான் வளருறன்தானே," என்றேன்.

பொம்பிளைப் பிள்ளைக்கு இவ்வளவு வாய் கூடாது என்று அம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவர் படியேறினார். அம்மா என்னை அதட்டுவார் என்று பார்த்தேன். அவர் அதட்டவில்லை. மறுகிழமையே இன்னொரு அனுபியாஸ் வாங்கி வந்தார்.

இம்முறை நான் பள்ளிக்கூடக் கணினியில் யூடியூப் பார்த்து வைத்திருந்தேன். தண்டைத் தாழ்க்கவே கூடாதாம். நூலால் ஒரு கல்லோடு கட்டிவிட்டால் வேர் தானாகக் கல்லைப் பிடித்துக்கொள்ளுமாம். கல்லும் செடியும் கையில் இருந்தன. நூலுக்காக நான் மேசை லாச்சிகளை இழுத்துக் கிண்டிக்கொண்டிருந்த பின்னேரம், கேதாரகௌரி விரதத்தின் கடைசி நாள். கணவனுக்காக மனைவி பிடிக்கிற விரதம் அது. அன்றைக்குக் கோயிலில் மஞ்சள் பூசிய புதுக் காப்புநூலைக் கையில் கட்டுவார்கள். போன வருடக் காப்பை அவிழ்த்துத் தண்ணீரில் விடவேண்டும். வருடாவருடம் பெரியம்மாதான் அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு போவார். ஒரு வருடமாகப் பாத்திரம் கழுவியதில் அம்மாவின் காப்பு மஞ்சள் போய் வெறும் வெள்ளை நூலாகியிருந்தது.

அம்மா வந்து லாச்சியைச் சாத்தினார். பிறகு கத்தரிக்கோலை எடுத்துத் தன் இடது மணிக்கட்டில் இருந்த காப்பை வெட்டினார். செடியைக் கல்லில் வைத்து, அந்த நூலாலேயே இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்க முடிந்து, தொட்டிக்குள் இறக்கினார். வேலை சுத்தமாக இருந்தது.

பட்டுச்சேலையோடு பெரியம்மா படியில் வந்து நின்றார். பூசை தொடங்கப் போகுது, இன்னும் வெளிக்கிடவில்லையா என்று கேட்டார்.

"நான் வரேல்லை அக்கா."

பெரியம்மாவின் பார்வை அம்மாவின் வெறும் கைக்குப் போனது. காப்பு எங்கே என்றார்.

"தண்ணிக்குள்ளைதானே விடவேணும். விட்டாச்சு."

மீன்தொட்டிக்குள் காப்பைக் கண்டதும் பெரியம்மா நெஞ்சில் கைவைத்தார். என் அப்பாவுக்கு ஏதும் நடந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். அம்மா ஈரக்கையைத் துடைத்தார்.

"அங்கை அவரைப் பாக்கிறவ விரதம் பிடிக்கட்டும்."

பெரியம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறிப் போனார். அவரை வாயடைக்க வைத்த ஒரே ஆள் என் அம்மாதான் என்று எனக்குச் சந்தோசம் தாங்காத புளுகம். கோயிலைவிட என் செடிதான் அம்மாவுக்குப் பெரிது என்பதில் இன்னும் புளுகம்.

பனி கொட்டி எங்கள் யன்னல் முழுதாக மூடிக்கொண்ட நாட்களில் அனுபியாஸ் ஒரு இலை விட்டது. வெளிர்பச்சையில், சுருட்டிய வெற்றிலை போல. பெரியப்பா குனிந்து பார்த்தார். பிளாஸ்ரிக்கா என்று கேட்டு விரலையும் விட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகு தொட்டியைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

அந்தக் கிழமை அப்பா தொலைபேசி எடுத்தார். அம்மா சமையலில் இருந்ததால் நான்தான் பேசினேன். இருட்டுக்குள்ளேயே இலை விட்டதைச் சொன்னேன். செடியைக் கட்டியிருப்பது அம்மாவின் காப்பு என்றேன். பிறகு, அவருக்கு அங்கே யாரோ ஒரு அன்ரி சமைத்துக் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறார் என்று நானாகவே முடிவுகட்டியிருந்ததால், அதையும் மறக்காமல் சொன்னேன்.

"அம்மா இனி விரதம் பிடிக்கமாட்டா அப்பா. உங்களைப் பாக்கிற அன்ரியைப் பிடிக்கச் சொல்லுங்கோ."

மறுமுனையில் ஒரு சத்தமும் இல்லை. லைன் அறுந்துவிட்டதென்று நினைத்து, ஹலோ ஹலோ என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன்.