ஹாரோகேட்டுக்கு அனுப்பி வைத்தார்கள்

ஹிலரி தாக்ரேயின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அவள் தம்பி நெவிலும் அவன் மனைவி கில்லியனும் கொடுத்த பரிசு, ஊற்றுத் தண்ணீருக்குப் பேர்போன ஹாரோகேட்டில் ஒரு வாரக்கடைசி. நல்ல ஹோட்டல், துருக்கிக் குளியல், எல்லாம் சேர்த்து.

"நீ எங்கேக்கா போயிருக்கே இத்தனை வருஷத்துல? மேக்ஸீனையும் கூட்டிட்டுப் போ. அப்பாவை நானும் கில்லியனும் பாத்துக்கறோம்."

அவள் எங்கும் போனதில்லை என்பது உண்மைதான். அவர்கள் ஊரான கூலின் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பா வில்ஃப், அம்மா செத்த மறு குளிர்காலத்தில் பக்கவாதம் வந்து விழுந்தார். அன்று முதல் அவரை எழுப்புவது, குளிப்பாட்டுவது, மீனில் முள் பார்த்துக் கொடுப்பது எல்லாம் ஹிலரிதான். காலையும் மாலையும் பள்ளிக்கூட முனையில் மஞ்சள் கோட்டுப் போட்டுக்கொண்டு வண்டிகளை நிறுத்திப் பிள்ளைகளைச் சாலையைக் கடக்க வைப்பது அவள் வேலை. மற்ற நேரமெல்லாம் வீடு. இடையில் டெஸ்மண்ட் என்று ஒருவன், ஸ்கார்பரோவில் வேலை கிடைத்துப் போகும்போது, "என்னோட வந்துடு" என்று கேட்டான். அப்பாவை விட்டுவிட்டு எப்படி வருவது என்று சொல்லிவிட்டாள். அவன் அங்கே வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான்.

மேக்ஸீன் ஓல்ட்ராய்டு சின்ன வகுப்பிலிருந்தே அவளுடைய சிநேகிதி. முடிதிருத்தும் கடை வைத்திருப்பவள். ஹிலரியின் தலைமுடியை வேறு யாரும் தொட்டதில்லை.

அக்டோபர் மாதம். லீட்ஸில் ரயில் மாறி, ஈரத்தோடு போய் இறங்கினார்கள். மறுநாள் காலை துருக்கிக் குளியல் கூடத்தில், வண்ண ஓடு பதித்த வளைவுகளுக்குக் கீழே, துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஹிலரிக்குச் சிரிப்பு வந்தது.

"வேகவெச்ச முட்டைக்கோசு மாதிரி இருக்கோம்டி."

"பேசாம வேகு. பெரிய பெரிய சீமாட்டிங்கல்லாம் வெந்த எடம் இது."

சூடான அறையில் ஹிலரி தூங்கிப்போனாள். யாராவது கூப்பிடுவார்களோ என்று ஒரு காதைத் திறந்து வைத்துக்கொள்ளாத தூக்கம். எழுந்தபோது மேக்ஸீன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெந்நீர் ஆவியில் கண் சிவந்திருக்கிறது என்று ஹிலரி நினைத்தாள்.

மத்தியானம் பழைய ஊற்று மண்டபத்தில் கந்தகத் தண்ணீரை மோந்து பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். தேநீர்க் கடை வாசலில் மழையில் வரிசையில் நின்றார்கள். இரண்டு தரம் வீட்டுக்கு ஃபோன் செய்ய வேண்டும் என்றாள் ஹிலரி. இரண்டு தரமும் மேக்ஸீன் கையைப் பிடித்து இழுத்தாள். "ஒரு நாளாவது அந்த மனுஷனை விடேன்டி. நெவில் என்ன, பச்சப்புள்ளயா?"

இரவுச் சாப்பாட்டுக்கு உடை மாற்றும்போது, மேக்ஸீன் குளியலறையில் இருந்த நேரம், ஹிலரி ஃபோனை எடுத்துவிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்பாவின் நாற்காலி ஃபோனுக்குப் பக்கத்திலேயே இருக்கும். பயம் பிடித்துக்கொண்டது. அடுத்த வீட்டு மிஸஸ் பிக்கர்ஸ்கில்லைக் கூப்பிட்டாள்.

"வேன் வந்துதேம்மா காலையிலேயே. நாற்காலி, ரேடியோ எல்லாம் ஏத்தினாங்க. ஹௌடன்ல புதுசா ஒரு முதியோர் இல்லமாமே, அங்கதான். ஏன், உனக்குத் தெரியாதா?"

ஹிலரி ஃபோனை வைத்தாள். தலையில் துண்டோடு வெளியே வந்த மேக்ஸீன், அவள் முகத்தைப் பார்த்த உடனே அப்படியே நின்றுவிட்டாள். என்ன ஆச்சு என்று அவள் கேட்கவில்லை. அதிலேயே ஹிலரிக்கு எல்லாம் புரிந்துபோயிற்று.

"எப்போலேர்ந்து தெரியும் உனக்கு?"

"ஆகஸ்ட்லேர்ந்து. நெவில் கடைக்கு வந்து சொன்னான். நீ தேய்ஞ்சுக்கிட்டே போறேடி. என் கண்ணால பாத்துக்கிட்டே இருக்கணுமா நான்?"

"என் முடிய வெட்டிக்கிட்டே சும்மா இருந்திருக்கே. எத்தனை தரம் வந்து உக்காந்தேன் உன் நாற்காலியில!"

"சொன்னா விட்டிருப்பியா?"

"மாட்டேன். அதுக்காக என்னைக் கூட்டிட்டு வந்து குளிப்பாட்டினியா?"

மேக்ஸீன் அழுதாள். ஹிலரி அழவில்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் ரயிலில் தனியாகக் கிளம்பினாள்.

ஹௌடனில் அப்பா ஜன்னலோரம், தன் சொந்த நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொரு கிழவரோடு டாமினோ ஆடிக்கொண்டிருந்தார். வாசற்படியிலேயே அவர் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் அப்படிச் சிரித்து அவள் கேட்டே வெகுகாலம் ஆகியிருந்தது.

"நெவில் மேல கோவப்படாதேம்மா," என்றார். "நான்தான் கேட்டேன். இங்க எங்கூட வேலை பாத்தவன் இருக்கான். ராத்திரில ஆளுங்க இருக்காங்க."

"எங்கிட்ட ஏம்ப்பா சொல்லலே?"

"நீ அழுவே. உடனே நான் வேணாம்னுடுவேன்."

"டெஸ்மண்ட் கூப்பிட்டப்போ உங்ககிட்ட கேட்டேனே, ஞாபகம் இருக்கா? 'நீ போயிட்டா நான் என்ன செய்வேன்'னீங்க. நான் போகலே."

எதிரே இருந்த கிழவர் டாமினோக் கட்டைகளைக் கவிழ்த்துவைத்துவிட்டு, தேநீர் கொண்டுவருவதாகச் சொல்லி எழுந்து போனார்.

அதற்குப் பிறகும் ஹிலரி வியாழக்கிழமைதோறும் ஹௌடனுக்குப் போனாள். நகம் வெட்டிவிட்டாள், புதுச் சட்டை வாங்கிக் கொடுத்தாள். ஸ்கார்பரோப் பேச்சை இருவருமே மறுபடி எடுக்கவில்லை. நெவிலோடு கிறிஸ்துமஸுக்கு மட்டும் பேச்சு. முடிவெட்டிக்கொள்ள பஸ் ஏறி செல்பி என்ற ஊர் வரை போனாள். அங்கே அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒவ்வொரு தரமும் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. வீடு ரொம்பப் பெரியதாகிவிட்டது. ராத்திரி எழுந்து கூடத்துக்கு வந்து, யாரைத் திருப்பிப் படுக்க வைக்க எழுந்தோம் என்று விழிப்பாள்.

இரண்டு குளிர்காலம் கழித்து வில்ஃப் தூக்கத்தில் போனார். சவ அடக்க ஆராதனையில் மேக்ஸீன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பிறகு வீட்டு வாசல்வரை வந்து, உள்ளே வரத் தயங்கி நின்றாள்.

"டீ இருக்கு. குடிச்சிட்டுப் போ," என்றாள் ஹிலரி.

மேக்ஸீன் குடித்தாள். எல்லோரும் போனபின் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தாள். கோட்டைப் போட்டுக்கொண்டு, "நாளைக்கு வரட்டுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்," என்றாள் ஹிலரி. குரலில் கோபம் இல்லை. கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.