கேசட்டில் இல்லாத குரல்

எண்பதுகளில் கிள்ளான் நகரில் போலீஸ்காரியாக வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல்வழியில் சட்டம் படித்தேன். உட்கார்ந்து படிக்க நேரமில்லாததால், மோட்டார் சைக்கிளில் போகும்போதும் ஆங்கிலத்தில் இருந்த சட்டப் பாடக் கேசட்டை வாக்மேனில் கேட்பேன்.

ஒரு மாலை வேலை முடிந்து மேரு சாலையில் வரும்போது, பாடத்தின் நடுவே, "நில்லும்மா!" என்று தமிழில் ஒரு பெண்குரல் கேட்டது. பதறிப்போய்ப் பிரேக் போட்டேன். முன்சக்கரத்தை உரசுவதுபோல் ஒரு லோரி சந்திப்பைக் கடந்து பறந்தது. அது அடித்த ஹார்ன்கூட என் காதில் விழவில்லை.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். "களைப்புலா, வேற ஒன்னும் இல்ல," என்றபடி கேசட்டைப் போட்டுப் பார்த்தார். தமிழ் எங்குமே இல்லை. ஆனால் அந்த இடத்தில் மட்டும், யாருக்கோ வழிவிடுவதுபோல், விரிவுரையாளர் சட்டென்று பேச்சை நிறுத்தியிருந்தார். என் கணவர் கேசட்டைப் பின்னோட்டி அதே இடத்தை மறுபடியும் போட்டார்.

பட்டம் வாங்கிவிட்டேன். ஆனால் வண்டியில் ஏறினால் இன்றுவரை காதில் எதையும் மாட்டுவதில்லை.